ஒரு நேரம் ஸ்ராட் வருது, ஒரு நேரம் வரேல்லை: பிக்கப் கேள்வி பதில்

வன்னியில் காலபோக நெல் வெட்டு தொடங்கினால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான்: "அண்ணை, நேற்று ஸ்ராட் வரவில்லை, இன்றைக்கு வருகுது." கராச்சுக்குக் கொண்டுவந்தால் ஒரே திருப்பில் ஸ்ராட் ஆகும். வைத்தியரைக் கண்டதும் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட கதைதான். இந்த முறை வந்த கேள்விகளுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். ஸ்ராட் வராத அந்த நேரத்தில் என்ன சத்தம் கேட்டது, லைற் மங்கினதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் நான் சொல்வது வெறும் சாத்திரம்.

மல்லாவி: டபிள் கப் பிக்கப், டீசல். திறப்பைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலைந்து தரம் திருப்ப ஸ்ராட் ஆகும். பற்றரி மாற்றியும் அதே கதை. இப்போது ஸ்ராட்டர் மோட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

பொறுங்கள் தம்பி. திறப்பைத் திருப்பிப் பிடித்தபடி ஹெட்லைற்றைப் பாருங்கள். "டக்" கேட்கும்போது லைற் அப்படியே பிரகாசமாக நின்றால் பற்றரியில் பிழை இல்லை. ஸ்ராட்டரில் பூட்டியிருக்கும் மின்காந்தச் சுவிற்ச்தான் சொலனாய்டு. அதற்குள் இரண்டு செம்புத் துண்டுகள் இருக்கின்றன. ஒரு செம்பு வட்டு வந்து அந்த இரண்டிலும் முட்டினால்தான் மோட்டருக்குக் கரண்ட் போகும். போவது நூற்றுக்கணக்கான அம்பியர். ஒவ்வொரு ஸ்ராட்டுக்கும் அதில் பொறி பறக்கும், செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேய்ந்த இடத்தில் வட்டு முட்டினால் "டக்" மட்டும். அடுத்த தரம் சற்று விலகி நல்ல இடத்தில் பட்டால் ஸ்ராட். உங்கள் நாலாவது திருப்பின் ரகசியம் இதுதான்.

உறுதிப்படுத்த ஒரு மீற்றர் போதும். கியரை நியூற்றலில் விட்டு, ஒருவரைத் திருப்பச் சொல்லிவிட்டு, சொலனாய்டின் இரண்டு தடித்த போல்ட்டையும் அளந்து பாருங்கள். பற்றரி வயர் வரும் போல்ட்டில் 12 வோல்ற் நிற்க, மோட்டருக்குப் போகும் போல்ட்டில் ஒன்றும் இல்லையென்றால் செம்புதான். துண்டுகளையும் வட்டையும் மட்டும் மாற்றலாம், முழு மோட்டர் தேவையில்லை.

லைற் மங்கி "டகடகடக" என்று அடித்தால் அது வேறு: பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது முனையில் பிடிப்பு இல்லை. சுத்தியலால் மோட்டரில் மெதுவாகத் தட்டினால் ஸ்ராட் ஆகிறதா? மோட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பிரஷ் தேய்ந்திருக்கலாம். தட்டித் தட்டியே ஒரு வருடம் ஓட்டிய ஆட்களும் இருக்கிறார்கள்.

முல்லைத்தீவு, மீன் ஏற்றும் பிக்கப்: மீற்றரில் 12.6 வோல்ற் காட்டுகிறது. ஆனால் சில காலையில் செத்த மாதிரிக் கிடக்கும். வயரை ஆட்டினால் உயிர் வரும்.

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். 12.6 என்றால் பற்றரி நிறைந்திருக்கிறது. ஆனால் சும்மா நிற்கும்போது எந்தப் பற்றரியும் நல்ல பிள்ளைதான், சுமை ஏறும்போது பார்க்க வேண்டும். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் ஈயக் கட்டையிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. மற்றதை எஞ்சினின் சுத்தமான இரும்பில் வைத்து ஸ்ராட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ற்றுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ற்றைத் தாண்டினால் எர்த் பாதையில், அதாவது எஞ்சினில் இருந்து பற்றரியின் நெகற்றிவுக்குத் திரும்பும் வழியில், கரண்ட் மாட்டிக்கொள்கிறது.

மீன் வாகனத்தில் ஐஸ் பெட்டியில் இருந்து உப்புத் தண்ணீர் வடிந்து சேசிஸ் முழுக்கப் போகும். போன மாரியில் இப்படி ஒன்றைக் கழற்றினேன். எர்த் வயரின் வெளித்தோல் புதிது போல இருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு இல்லை, பச்சைத் தூள். இரண்டு மூன்று இழைதான் மிச்சம். ஆட்டினால் அவை தொடும், விட்டால் விலகும். வயரை மாற்றி, பற்றரி முனைகளைச் சுடுதண்ணீரும் அப்பச்சோடாவும் விட்டுக் கழுவி, பூட்டின பிறகு கிறீஸ் பூசுங்கள். கழற்றும்போது நெகற்றிவ் முதலில், பூட்டும்போது கடைசியில்.

புதுக்குடியிருப்பு: ஒரு சத்தமும் இல்லை. டாஷ்போர்ட் லைற் எரியும்.

ஓட்டோ கியர் என்றால் "N" (நியூற்றல்) இல் போட்டுத் திருப்பிப் பாருங்கள். மனுவல் என்றால் கிளச்சை அடிவரை மிதியுங்கள், சில வாகனங்களில் அங்கே ஒரு சுவிற்ச் உண்டு. இப்படிச் செய்து ஸ்ராட் வந்தால் கியரிலோ கிளச்சிலோ உள்ள சுவிற்ச்தான். வராவிட்டால் ஸ்ராட்டரின் மெல்லிய வயரில் ஒரு பல்ப் பிடித்துத் திருப்புங்கள். பல்ப் எரியாவிட்டால் ரிலே, பியூஸ், திறப்புச் சுவிற்ச் பக்கம் போக வேண்டும். எலி கடித்ததா என்றும் பாருங்கள், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வாகனம் விடுகிற ஊர்.

அக்கராயன்: மோட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்குதில்லை. காலையில் மட்டும். பற்றரிக்காரரும் கைவிட்டார்.

அவர் கைவிட்டது சரி, இது அவருடைய வேலையே இல்லை. சுற்றும்போது சைலன்சரில் புகை வருகிறதா? வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. குளிர்ந்த எஞ்சினை உள்ளே சூடாக்கும் குளோ பிளக்கைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. எங்கேயோ காற்று இழுத்து, இரவில் டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கியிருக்கும். காலையில் ஸ்ராட் அடிக்க முதல் பில்டருக்கு மேலே உள்ள கைப் பம்பை இறுகும்வரை அமுக்குங்கள். உடனே பிடித்தால் காற்றுத்தான். பில்டருக்கும் பம்புக்கும் இடையில் உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் குழாய் ஒரு துண்டு போட்டால் குமிழி கண்ணுக்குத் தெரியும். மூக்கு கீழே இருக்கும்படி சரிவில் விட்டும் பார்க்கலாம், ஆனால் எங்கள் பக்கம் சரிவுக்குக் குளக்கட்டுத்தான் தேட வேண்டும்.

2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் இருந்து பரலில் டீசல் சேர்க்கும் பழக்கம் பலருக்கு விடவில்லை. பரல் அடியில் தண்ணீர் நிற்கும். பில்டரின் அடி நட்டைத் திறந்து ஒரு போத்தலில் பிடித்து வைத்துப் பாருங்கள், தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும்.

ஒட்டுசுட்டான்: கொமன் ரெயில் எஞ்சின் (டீசல் விடுவதைக் கொம்பியூட்டர் பார்க்கும் புது மாதிரி). சூடாக நிறுத்தினால் வராது, அரை மணி கழித்து வரும்.

மோட்டர் இழுத்து இழுத்துச் சுற்றினால் ஸ்ராட்டர், வயர். நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் ஸ்கானரைப் போட்டு, சுற்றும்போது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். சுற்றுகிற எஞ்சினுக்குப் பூச்சியம் காட்டினால் எஞ்சின் சுற்றுவதைக் கொம்பியூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சர் அல்லது அதன் வயர்.

நெடுங்கேணி, ஓய்வுபெற்ற ஓட்டுநர்: தம்பி, நாங்கள் அந்தக் காலத்தில் தள்ளித்தானே ஸ்ராட் பண்ணினோம். இப்ப ஏன் தள்ள வேண்டாம் என்கிறார்கள்?

ஐயா, போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரி எங்கே இருந்தது? ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி மண்ணெண்ணெயில் ஓட்டின ஆட்கள் நீங்கள், உங்களுக்கு நான் சொல்வதா? மனுவல் கியரும் பழைய மாதிரிப் பம்பும் என்றால் இரண்டாம் கியரில் இப்பவும் தள்ளலாம். ஓட்டோ கியரைத் தள்ளிப் பயனில்லை. கொமன் ரெயிலில் பற்றரி முழுக்கச் செத்தால் கொம்பியூட்டர் விழிக்காது, குளக்கட்டில் இருந்து உருட்டிவிட்டாலும் டீசல் பீச்சும் இன்ஜெக்டர் திறக்காது.