ஆசியான் ஒப்பந்தத்தை முறித்தால் மிளகு விலை ஏறுமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் காபித் தோட்டம். நிழல் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறோம். "ஆசியான் ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகப் போகிறது, அப்புறம் வியட்நாம் மிளகு வராது, விலை தானாக ஏறும், இந்த வருஷ மிளகை விற்காதே" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். லண்டனில் நர்ஸாக இருக்கும் என் மகளோ, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்ததால்தான் அங்கே சாமான் விலை ஏறிவிட்டது என்கிறாள். எது சரி? மிளகை வைத்திருக்கலாமா? அடுத்த கோடையில் மகளைப் பார்க்கப் போகிறேன். அப்படியே பாரிஸையும் பார்த்துவர ஆசை. அதற்குச் சிக்கல் ஏதும் உண்டா?
— ஒரு வாசகி, கொடைக்கானல் வட்டம்

பதில்: அம்மா, ஒப்பந்தம் முறியும் என்ற பேச்சை நம்பி மிளகை மூட்டை கட்டி வைக்காதீர்கள். ஆசியான் என்பது வியட்நாம், இந்தோனேசியா, மலேசியா போன்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு. இந்தியா அதில் உறுப்பு நாடு அல்ல. அந்த நாடுகளோடு 2009இல் சரக்கு ஒப்பந்தம் போட்டோம், 2010இல் அது நடைமுறைக்கு வந்தது. அதைத் திருத்துவதற்கான மறுஆய்வுக்கு 2023இல் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. திருத்துவது வேறு, முறிப்பது வேறு. சரி, நாளைக்கே முறித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம்.

வெளிநாட்டு மிளகுக்கு நம் பொதுவான இறக்குமதி வரி 70 சதவீதம். ஆசியான் ஒப்பந்தத்தில் மிளகையும் தேயிலை, காபியையும் தனிப் பட்டியலில் வைத்து, வரியை மெல்ல மெல்லத்தான் குறைத்தார்கள். 2019 முடிவில் மிளகு 50 சதவீதத்தில் வந்து நின்றது. ஆக, ஒப்பந்தம் போனால் வியட்நாம் மிளகின் மேல் கூடுதலாக ஏறுவது 20 சதவீதம். இதுபோக, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் வரும் மிளகுக்கு 2018 மார்ச்சில் மத்திய அரசு தடை போட்டது. 500 ரூபாய் மிளகு 50 சதவீத வரியோடு 750 ரூபாயில் இறங்கும். 70 சதவீதமானால் 850. இந்த வாசல் ஏற்கெனவே பாதிக்கு மேல் சாத்தித்தான் இருக்கிறது.

திறந்து கிடப்பது பக்கத்து வாசல். 1998இல் கையெழுத்தான இந்தியா–இலங்கை ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியே இல்லாமல் வரலாம். அதற்கு மேல் வருவதற்குத் தெற்காசிய ஒப்பந்தமான சாஃப்டாவில் 8 சதவீத வரிதான். அதே 500 ரூபாய் மிளகு இந்த வழியில் 540 ரூபாய்க்கு இறங்கிவிடும். வியட்நாம் மிளகு கொழும்பு போய், இலங்கையில் விளைந்ததாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இங்கே வருகிறது என்பது மிளகு விவசாயிகளின் பல வருஷப் புகார். இப்படிப்பட்ட சான்றிதழ்களைத் துருவிக் கேட்கத்தான் 2020 செப்டம்பரில் சுங்கத் துறைக்குப் புது விதிகள் வந்தன. இன்னொரு வழியும் உண்டு: எண்ணெய், சாறு எடுத்துத் திரும்ப ஏற்றுமதி செய்வதாகச் சொல்லி வரியில்லாமல் கொண்டுவருவது. ஆசியான் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டாலும் இந்த இரண்டும் அப்படியே இருக்கும். உங்கள் சங்கம் மனு எழுதுவதாக இருந்தால் இதைக் குறித்து எழுதட்டும்: சான்றிதழ் சோதனையும், ஏற்றுமதிக்கென்று வந்த மிளகு உள்ளூர்ச் சந்தையில் கசியாமல் பார்ப்பதும். என் பார்வையில், ஒப்பந்தத்திலிருந்து விலகச் சொல்வதைவிட இதைக் கேட்பதில்தான் உங்களுக்குப் பலன்.

அதற்காக எல்லாவற்றையும் இன்றே விற்றுவிடச் சொல்லவில்லை. மிளகு கெடாத சரக்கு. பறிப்புக் கூலிக்கும் உரத்துக்கும் வேண்டியதை இப்போது விற்றுவிட்டு, மீதியை இரண்டு மூன்று தவணையாகக் கொடுங்கள். வைப்பதை ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு வரும்வரை காயவைத்துத்தான் வைக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த மிளகு மழைக்காலத்தில் மலைவீட்டுக்குள் பூசணம் பிடித்துவிடும். வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டு அள்ளி, லிட்டர் படியில் கொட்டி எடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளீடில்லாத பொக்கு மணிகளைத் தூற்றிவிட்டால் லிட்டர் எடை கூடும், விலையும் கூடும். இது உங்கள் கையில் இருக்கிற விஷயம். அவசரப் பணத்துக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மிளகின் மேல் பொருளீட்டுக் கடன் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது பிரிட்டன். ஒரு கூட்டமைப்புக்குள் முழுதாக இருந்துவிட்டு வெளியே வந்த நாடு அது. 2016 ஜூனில் வாக்கெடுப்பு, 2020 ஜனவரி 31இல் விலகல், அந்த ஆண்டு முடிவோடு பொதுச் சந்தையிலிருந்தும் வெளியேற்றம். பலர் நினைப்பதுபோல அங்கே வரி ஏறவில்லை. தங்கள் நாட்டில் விளைந்த பொருளுக்கு இரு தரப்பும் ஒன்றுக்கொன்று வரியே போடுவதில்லை. அடி விழுந்தது சான்றிதழிலும் நோய்த்தடுப்பு விதிகளிலும்.

ஸ்காட்லாந்து விதை உருளைக்கிழங்கைப் பாருங்கள். ஐரோப்பாவுக்குக் காலங்காலமாகப் போய்க்கொண்டிருந்த விதை. 2021 ஜனவரி 1 முதல் அதை ஒன்றியம் உள்ளே விடவில்லை. கிழங்கில் புது நோய் எதுவும் வந்துவிடவில்லை. விதிப் புத்தகம் இரண்டாகப் பிரிந்ததுதான் காரணம். மலைக்காரர்களுக்கு இந்த வலி புரியும். நீலகிரியில் 1961இல் உருளைக்கிழங்கு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு கொடைக்கானல் பக்கமும் தென்பட்டது. மலை விதைக்கிழங்கு வெளிமாநிலம் போகத் தடை வந்ததும் விதைக்கென்று பயிரிட்டவர்கள் பட்ட பாடு இங்கே பலருக்கு நினைவிருக்கும். வேல்ஸ், இங்கிலாந்துக் கடற்கரைகளில் சிப்பி பிடிப்பவர்களுக்கும் இதே கதைதான். அவர்களது நீர்நிலைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து எடுத்த சிப்பியைச் சுத்திகரிக்காமல் உயிரோடு ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாமல் போனது. வரி பூஜ்யம், விற்பனையும் பூஜ்யம்.

தோட்ட வேலைக்கு வந்துகொண்டிருந்த ருமேனிய, பல்கேரிய ஆட்களுக்குப் பதில் இப்போது ஆறு மாத விசாவில் நேபாளம், மத்திய ஆசியா என்று தூரத்திலிருந்து ஆள் வருகிறார்கள். நில அளவைப் பார்த்துக் கிடைத்துவந்த ஐரோப்பிய மானியத்தை இங்கிலாந்து படிப்படியாக நிறுத்தி, சுற்றுச்சூழல் பணிக்கான தொகையாக மாற்றுகிறது.

உங்கள் மகள் சொல்வதில் பாதி உண்மை. 2023 மார்ச்சில் பிரிட்டனில் உணவு விலையேற்றம் 19 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் அந்த நேரத்தில் உக்ரைன் போரால் ஐரோப்பா முழுக்கவே விலை ஏறியது. விலகலின் பங்கு, ஒவ்வொரு லாரிச் சரக்குக்கும் சேர்ந்த தாள்செலவும் தாமதமும். அதைக் குறைக்க, உணவு, பயிர், கால்நடை விதிகளில் மறுபடி ஒத்துப்போகும் உடன்பாட்டுக்கு 2025 மே மாதம் இரு தரப்பும் சம்மதித்தன.

நம் அடுப்படிக்கு வருவோம். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. ஆசியான் ஒப்பந்தம் போனால் அது விலை ஏறுமா? தானாக ஏறாது. கச்சா பாமாயிலுக்கு ஒப்பந்தப்படி போடக்கூடிய வரியின் உச்சவரம்பு 37.5 சதவீதம், மத்திய அரசு தானாகவே 2025 மே இறுதியில் எல்லா நாட்டுக்கும் பொதுவான அடிப்படை வரியை 10 சதவீதமாகக் குறைத்துவிட்டது. ஆனால் நாம் முறித்தால் அவர்களும் நம் சரக்குக்குத் தந்த சலுகையைத் திரும்பப் பெறுவார்கள். இந்தோனேசியாவும் வியட்நாமும் நம் நிலக்கடலையை நிறைய வாங்குகின்றன. மலையில் மிளகுக்குக் கிடைக்கும் சின்ன லாபத்துக்குக் கீழ்நாட்டுக் கடலைக்காரர் விலை கொடுக்க வேண்டிவரலாம்.

காபிக்கு வருகிறேன். நம் காபியில் பெரும்பங்கு ஏற்றுமதிதான், அதில் இத்தாலியும் ஜெர்மனியும் பெரிய வாடிக்கையாளர்கள். காடழித்த நிலத்தில் விளைந்த காபியை வாங்குவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டது. நடைமுறைக்கு வருவது இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் கைவிடப்படவில்லை. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழிக்காத நிலம் என்பதற்கு, தோட்டம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை விவரம் கொடுக்க வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேல் போனால்தான் எல்லை முழுவதும் குறிக்க வேண்டும். உங்கள் மூன்று ஏக்கருக்கு ஒரே ஒரு புள்ளி போதும். பட்டா நகலோடு தாண்டிக்குடியில் உள்ள காபி வாரிய ஆராய்ச்சி நிலையத்தில் பதிவு பற்றிக் கேளுங்கள். பட்டிவீரன்பட்டி வியாபாரி இன்று கேட்காவிட்டாலும், அவரிடம் வாங்கும் ஏற்றுமதியாளர் நாளை கேட்பார். ஆசியான் பேச்சைவிட உங்கள் வருமானத்தை நேராகத் தொடும் விஷயம் இதுதான். மழை தொடங்கும் முன் முடித்துவிடுங்கள்.

பயணத்துக்கு வந்தால், விலகலால் இழந்தது பிரிட்டிஷ்காரர்கள். ஐரோப்பாவில் எங்கும் வாழவும் வேலை பார்க்கவும் இருந்த உரிமை போய், 180 நாளில் 90 நாள் மட்டும் தங்கலாம் என்றாகிவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இதில் மாற்றமில்லை. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் வட்டத்தில் பிரிட்டன் முன்பும் இல்லை, அதனால் பிரிட்டன் விசாவோடு பாரிஸ் போக அப்போதும் முடியாது, இப்போதும் முடியாது.

பிரான்ஸுக்கான ஷெங்கன் விசாவை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். விருந்தினராக லண்டன் போனபிறகு அங்கிருந்து விண்ணப்பித்தால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். அங்கே குடியிருக்கும் உங்கள் மகள் மட்டும் அங்கே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம், 15 நாளுக்குக் குறைந்தால் வாங்கமாட்டார்கள். பிரிட்டனின் வழக்கமான பார்வையாளர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பது, ஆகவே பாரிஸிலிருந்து லண்டன் திரும்புவதில் தடையில்லை. ரயிலில் பாரிஸ் போகும்போது பால்கோவா, நெய், இறைச்சிப் பொருள் எதையும் எடுத்துப் போகவேண்டாம். பிரிட்டன் வெளியே வந்தபிறகு பாலும் இறைச்சியும் அந்த எல்லையில் பறிமுதலாகும். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கும் அவற்றைக் கொண்டுபோக முடியாது. மகளுக்குக் காய்ந்த மிளகும் வறுத்து அரைத்த காபித் தூளும் தாராளமாகக் கொண்டுபோகலாம்.