மதம் அனுமதித்தால் பலதார மணம் சட்டப்படி செல்லுமா? அமெரிக்காவில் தோன்றிய, முன்பு பலதார மணத்தை மதக் கட்டளையாகக் கொண்டிருந்த கிறிஸ்தவ சபையினரான மோர்மன்கள் விஷயத்தில் அங்கே என்ன நடந்தது?

அமெரிக்காவில் செல்லாது. "இது எங்கள் மதக் கட்டளை" என்ற வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1879 ஜனவரியிலேயே ரெனால்ட்ஸ் என்ற மோர்மன் மீதான வழக்கில் தள்ளிவிட்டது. எதை வேண்டுமானாலும் நம்பலாம், ஆனால் செயல் என்று வந்துவிட்டால் சட்டம் தலையிடும் என்றது. தலைமை நீதிபதி வெயிட் சொன்ன உதாரணங்களில் ஒன்று, கணவன் சிதையில் மனைவி உடன்கட்டை ஏறுவது.

பலரும் இந்தத் தீர்ப்போடு கதையை முடித்துவிடுகிறார்கள். அரசுக்கு உண்மையில் தலைவலியாக இருந்தது சாட்சியம்தான். பலதார மணத்தைத் தடைசெய்த 1862 மோரில் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறையும் 500 டாலர் வரை அபராதமும் உண்டு. ஆனால் மணச்சடங்கு மூடிய கதவுக்குள் நடக்கும், பதிவேடு வெளியே வராது, ஜூரியில் உட்காருபவர்களும் மோர்மன்கள். ரெனால்ட்ஸ் வழக்கையே பாருங்கள். முதல் விசாரணையில் இரண்டாம் மனைவி கூண்டேறித் திருமணத்தை ஒப்புக்கொண்டார். வழக்குத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் கிராண்ட் ஜூரியில் 15 பேருக்குப் பதில் 23 பேர் இருந்ததால் அந்தத் தண்டனை ரத்தானது. மறுவிசாரணைக்குச் சம்மனோடு போனபோது அந்த மனைவி அகப்படவில்லை. கணவர்தான் மறைக்கிறார் என்று முடிவுசெய்த நீதிமன்றம், பழைய சாட்சியத்தையே ஏற்று 2 ஆண்டு சிறை விதித்தது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1882 எட்மண்ட்ஸ் சட்டம். அதன்படி திருமணத்தை நிரூபிக்கவே வேண்டாம். ஒருவர் பல பெண்களோடு குடும்பம் நடத்துகிறார் என்று காட்டினால் 6 மாதம் வரை உள்ளே போடலாம். அரசுத் தரப்பு இதையும் அளவுக்கு மீறி இழுத்தது. சபைத் தலைவர்களில் ஒருவரான லொரென்சோ ஸ்னோவின் ஒரே குடும்ப வாழ்க்கையை ஆண்டுவாரியாக வெட்டி மூன்று குற்றமாக்கி, மூன்று தண்டனை வாங்கினார்கள். தொடரும் செயல் ஒரே குற்றம்தான் என்று 1887-ல் உச்ச நீதிமன்றம் திருத்தியது.

அதே ஆண்டு வந்த எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டம் மோர்மன் சபையின் சட்ட அந்தஸ்தையே கலைத்து, சொத்துப் பறிமுதலுக்கும் வழிசெய்தது. மோர்மன்கள் பெருவாரியாக வாழ்ந்த யூட்டா பகுதியின் பெண்கள் 1870-லேயே பெற்றிருந்த வாக்குரிமையையும் பிடுங்கியது. பெண்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே செய்த இந்த அநியாயத்தை நியாயப்படுத்த வழியே இல்லை. பறிமுதலை 1890 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. செப்டம்பரில் சபைத் தலைவர் வுட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். பலதார மணத்துக்கு நிரந்தரத் தடையை அரசியலமைப்பில் எழுதிய பிறகே 1896-ல் யூட்டா மாநிலமானது. இன்று பலதார மணம் செய்பவரைப் பிரதான சபை நீக்கிவிடும். அதைத் தொடர்வது பிரிந்துபோன குழுக்கள்தான்.

"2020-ல் யூட்டா பலதார மணத்தைச் சட்டபூர்வமாக்கிவிட்டது" என்று எழுதுகிறார்கள். அது தவறு. சம்மதமுள்ள வயதுவந்தோர் இடையே என்றால் சிறை இல்லாத சிறு மீறலாகக் குறைத்தார்கள், அவ்வளவுதான். மிரட்டியோ ஏமாற்றியோ கட்டினால் இன்றும் கடுங்குற்றம். திருமண உரிமம் ஒரு மனைவிக்கு மட்டும்தான் கிடைக்கும். அடுத்த திருமணம் செல்லாது. கணவர் உயில் எழுதாமல் இறந்தால் இரண்டாம் மனைவிக்கு மனைவி என்ற முறையில் பங்கு கிடையாது. அவருடைய பிள்ளைகளுக்கு, தந்தை யாரென்று நிறுவினால், பங்கு உண்டு.