கையில் எடுக்கும் இசிஜி கிறுக்கலாக வந்தால்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு எழுபது வயது, காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். படபடப்பு அடிக்கடி வருவதால் டாக்டர் சொல்லி கையடக்க இசிஜி கருவி வாங்கினோம். காலையில் எடுத்தால் ஒரே கிறுக்கல். சேலத்தில் தங்கச்சி வீட்டில் மதியம் எடுத்தால் நன்றாக வருகிறது. கருவி கோளாறா?"

கோளாறு கருவியில் இல்லைங்க, பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இதயத்தின் மின்சாரம் விரல் நுனிக்கு வந்து சேரும்போது சுமார் ஒரு மில்லிவோல்ட்தான் இருக்கும். தோட்ட வேலையில் காப்புக் காய்ச்சிய, குளிரில் வறண்ட தோல் அதையும் மறிக்கும். போதாததற்கு 1,500 மீட்டர் உயரத்துக் காலைக் குளிரில் கை லேசாக நடுங்கினாலே தசையின் மின்சாரமும் கலந்துவிடும்.

அதனால் முதலில் வெந்நீரில் கை கழுவச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெயோ தைலமோ தடவிய கையோடு எடுக்கவே கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, விரலை ஈரத்துணியில் ஒற்றி, கருவியின் உலோகத் தகட்டையும் துடைத்துவிட்டு வையுங்கள். மேசையில் முழங்கை வரை கையைச் சாய்த்து, இரண்டு கை விரலையும் தகட்டில் சும்மா வைத்தால் போதும். நன்றாக வரட்டும் என்று அழுத்திப் பிடிப்பவர்கள்தான் அதிகம், அழுத்தினால் தசை இறுகிக் கிறுக்கல் கூடும். பதிவாகும் முப்பது வினாடியும் பேச்சு வேண்டாம்.

அப்படியும் சரியாகவில்லையா, கருவி வரையும் கோட்டையே பாருங்கள். முள்முள்ளாக, ஒழுங்கில்லாமல் இருந்தால் தசை. ஒரே சீரான தடித்த பட்டையாக இருந்தால் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு கலக்கிறது, பதிவைக் காட்டும் போனை சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு சுவிட்ச் போர்டை விட்டுத் தள்ளி உட்காருங்கள். கோடு மெதுவாக ஏறி இறங்கினால் மூச்சு அல்லது அசைவு. அலைகள் தலைகீழாக வந்தால் பெரும்பாலும் இடது வலது கை மாறியிருக்கும். சில மாடல்கள் பதிவைக் காதுக்குக் கேட்காத ஒலியாகத்தான் போனின் மைக்குக்கு அனுப்பும், அதற்குப் போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், உறை மைக்கை மூடக்கூடாது.

அப்புறம், கோடு அழகாக வரும் நேரம் பார்த்து எடுத்துச் சேர்ப்பதில் பெரிய லாபமில்லை. படபடப்பு வரும்போதே எடுத்தது கொஞ்சம் கிறுக்கலாக இருந்தாலும் டாக்டருக்கு அதுதான் வேண்டும். துடிப்பு சீராக இருக்கிறதா என்று பெரும்பாலும் அதிலேயே பார்த்துவிடுவார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு விரலில் எடுக்கும் இந்தப் பதிவு துடிப்பின் ஒழுங்கைத்தான் காட்டும், மாரடைப்பு இல்லை என்று சொல்லாது. அதற்கு ஆஸ்பத்திரியில் மார்பிலும் கை கால்களிலும் ஒட்டி எடுக்கும் பன்னிரண்டு லீட் இசிஜி வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் கருவியைத் தேடாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் போய்ச் சேர வேண்டும்.