மணற்கரையில் நில அதிர்வை அளப்பது எப்படி? இளம் ஆய்வாளர்களின் கேள்விகளும் பதில்களும்

ராமேஸ்வரம், ஆய்வு மாணவி: ஐயா, நில அதிர்வு உணரிகள் குறித்து முதலாண்டு ஆய்வில் இருக்கிறேன். பெரிய நிலநடுக்கம் வராத நம் கடற்கரையில் எதை அளந்து ஆய்வேடு எழுதுவது?

பதில்: நமக்கு ஆபத்து பெரும்பாலும் தொலைவிலிருந்தே வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலம் அதிர்ந்தபோது, எழுந்த ஆழிப்பேரலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தமிழகக் கரையை எட்டியது. இலங்கை குறுக்கே நின்றதால் நம் ராமநாதபுரம் மாவட்டம் நாகப்பட்டினத்தைப் போலச் சிதையவில்லை. அத்தகைய தொலைதூர அதிர்வை இங்கே தெளிவாகப் பதிவு செய்ய வேண்டுமானால், இந்த நிலம் சாதாரண நாளில் எப்படி அதிர்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஆய்வேட்டை அதிலிருந்தே தொடங்கலாம். கடலலைகள் தரையை ஓயாமல் அசைக்கின்றன. எதிரெதிர்த் திசை அலைகள் மோதும்போது, அலைவுநேரம் பாதியாகக் குறைந்த அதிர்வு தரைக்குள் இறங்குகிறது. வாடைக்காற்று மாதங்களில் வடகடலும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடலும் குமுறுவதால், தீவின் இரு கரைகளிலும் ஒவ்வொரு கருவியை வைத்து ஓராண்டு பதிவு செய்தால், இந்த ஓயாத பின்னணி அதிர்வு, அதாவது இரைச்சல், எந்தக் கடலிலிருந்து எப்போது வருகிறது என்று பிரித்துக் காட்ட முடியும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் ரயில் போகும் நேரங்களையும் குறித்து வையுங்கள். நேரம் தெரிந்த அதிர்வு, கருவியைச் சரிபார்க்க மிகவும் உதவும். கூடுமானவரை மணலில் புதைக்காமல், பவளச் சுண்ணாம்புப் பாறை வெளித்தெரியும் இடத்தைத் தேடிப் பொருத்துங்கள்.

கீழக்கரை, பட்டய மாணவர்: கைப்பேசிகளில் இருப்பது போன்ற மலிவான முடுக்கமானிகள் (அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் உணரிகள்) போதுமா?

பதில்: அருகில் நிகழும் வலுவான அதிர்வுக்குப் போதும். தொலைதூர நிலநடுக்கத்தின் மெல்லிய, மெதுவான அசைவோ கருவியின் சொந்த மின்னணு இரைச்சலில் மறைந்துவிடும். ஒரே மேடையில் இரண்டு உணரிகளை ஒட்டி வைத்து ஓரிரவு பதிவெடுங்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது தரையின் அசைவு, பொருந்தாத மிச்சம் கருவியின் இரைச்சல். இந்தச் சோதனை இல்லாத ஆய்வுக் கட்டுரையை நான் நம்புவதில்லை.

தங்கச்சிமடம், பொறியியல் மாணவர்: கடலடி ஒளியிழை வடமே உணரியாகும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். இழைக்குள் லேசர் துடிப்புகளை அனுப்பினால், கண்ணாடியின் நுண்ணிய சீரின்மைகளில் பட்டுச் சிறிதளவு ஒளி திரும்புகிறது. இழை நீண்டாலோ சுருங்கினாலோ அந்த ஒளியின் கட்டம் (ஒளியலையின் ஏற்ற இறக்க நிலை) மாறுவதால், பல பத்து கிலோமீட்டர் நீளத்திற்குச் சில மீட்டருக்கு ஓர் அளவிடும் புள்ளி கிடைக்கிறது. இழையின் நீளவாக்கில் வரும் அசைவை இது நன்கு உணரும், செங்குத்தாக வருவதைக் குறைவாகவே உணரும். வடம் மணலில் புதையாமல் தொங்கும் இடங்களில் நில அதிர்வைவிட நீரோட்டத்தின் அதிர்வே பதிவாகும். தரவு மலையாகக் குவியும் என்பதால், சேமிப்பகத்துக்கான செலவையும் நிதி விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

தொண்டி, மீனவர்: ஆழ்கடலில் வைக்கும் கருவி ஆழிப்பேரலையை எப்படி அறிகிறது? இங்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்?

பதில்: கடலடி அழுத்தமானி, தன் மேலுள்ள நீரின் எடையை அளக்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 400 வளிமண்டல அழுத்தம் இருக்கும். அதன் நடுவே நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்வதையும் அது பிரித்தறிய வேண்டும். அங்கிருந்து ஒலியலையாக மிதவைக்கும், மிதவையிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கும் செய்தி போகிறது. 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அதைக் கொண்டு எச்சரிக்கிறது. அந்த ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அலை, பத்து மீட்டர் ஆழமுள்ள பாக் நீரிணைப் பகுதிகளில் 36 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். வேகம் குறையும்போது உயரம் கூடும், எச்சரிக்கை வந்தபின் கரையில் நிற்காதீர்கள். அண்ணாச்சி, மிதவைகளில் படகைக் கட்டவேண்டாம் என்று உங்கள் சங்கத்திலும் சொல்லுங்கள்; சங்கிலி அறுந்தால் அந்த இடத்தில் எச்சரிக்கைக்கான கண் போய்விடும்.

மண்டபம், ஆய்வு மாணவர்: கரையோர நிலம் தாழ்வதைச் செயற்கைக்கோள் ரேடாரால் அளக்கலாமா?

பதில்: அளக்கலாம். ஆனால் சீமைக்கருவேலம் அடர்ந்த இடங்களில் குறுகிய அலைநீள ரேடார் தடுமாறும். 2025 ஜூலையில் ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளின் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் அலைநீளம் செடிகொடிகளை ஓரளவு ஊடுருவும். அதன் 12 நாள் இடைவெளிப் படங்களைக் கட்டடங்கள், பாறைகள் போன்ற நிலையான புள்ளிகளோடு ஒப்பிட்டுத் தொடங்குங்கள்.