தூது போகும் பிள்ளை

கேள்வி: நானும் என் கணவரும் எட்டு மாதங்களாகப் பேசிக்கொள்வதில்லை. பிள்ளைக்காகத்தான் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவன் எதிரில் சண்டையிடுவதும் இல்லை. வேண்டியதை அவன் மூலமே சொல்லி அனுப்புகிறோம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவனுக்குச் சில வாரங்களாகப் பள்ளி வேன் வரும் நேரத்தில் வயிறு வலிக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் குறையொன்றும் இல்லை என்கிறார். நடிக்கிறானா? நேற்று, "மின்கட்டணம் கட்டும் எண்ணம் உண்டா இல்லையா என்று உன் அப்பாவிடம் கேள்" என்றேன். அவனோ கூடத்துக்குப் போய், "அப்பா, கரண்ட் பில் கட்ட நாளைக்குக் கடைசி நாளாம்" என்று மெல்லச் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து மனம் சரியில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நடிக்கவில்லை, சகோதரி. மனத்தில் அச்சம் தங்கினால் குடலின் அசைவு மாறும். அது ஸ்கேனில் தெரியாது, ஆனால் வலி மெய்யானது. தான் இல்லாத நேரத்தில் வீட்டில் என்ன நடக்குமோ என்ற கவலையே பல பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளம்பும் வேளையில் பிடித்துக்கொள்கிறது.

உங்கள் சொல்லிலிருந்த முள்ளை எடுத்துவிட்டுத்தான் அவன் தந்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். முன்பு பாட்டியும் பெரியப்பாவும் அத்தையும் செய்த மத்தியஸ்தம், மூவர் மட்டுமே வாழும் வீட்டில் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்திருக்கிறது. (கூட்டுக்குடும்பம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை; அங்கே அழுத மருமகள்களின் கணக்கு தனி.) அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் அடிதடி, குடி, மனநோய் போன்றவற்றுக்கு நடுவே வளர்ந்தவர்களிடம், அத்தகைய அனுபவங்கள் கூடக்கூடப் பிற்காலத்தில் மனச்சோர்வும் இதயநோயும் மிகுந்திருந்ததைக் காட்டியது. அந்தப் பட்டியலில் பெற்றோரின் மௌனம் இல்லை என்பதற்காக நான் ஆறுதல் கொள்ளமாட்டேன்.

இன்று முதல் அவனைத் தூது அனுப்பாதீர்கள். கணவரிடம் பேச முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதுங்கள். "இது எங்களுக்குள் உள்ள மனத்தாங்கல், உன்னால் வந்ததன்று, நீ தீர்க்க வேண்டியதும் அன்று" என்று இருவரும் சேர்ந்தே அவனிடம் சொல்லுங்கள், அதற்காகவாவது ஒருமுறை பேசித்தான் ஆகவேண்டும். வலி நீடித்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை கேட்கலாம். புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலப் பிரிவு உண்டு. சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்பது உங்கள் இருவரின் முடிவு. "பிள்ளைக்காகத்தான்" என்ற சொல் மட்டும் அவன் காதில் விழ வேண்டாம். மின்கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை.