ஃபோர்டு எஃப்-150 டெயில்கேட்டுக்குக் கீழே எல்இடி லைட் பார்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது?

2018 மாடல் எஃப்-150, டிரெய்லர் இழுக்கும் பேக்கேஜ் உள்ள வண்டி. டெயில்கேட்டுக்கும் (பின்பக்கம் கீழே இறங்கும் கதவு) பம்பருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் எல்லாம் எரிகிற 60 இன்ச் பார் ஒன்றை நானே மாட்டலாமா, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக மாட்டலாம், அரை நாள் வேலை. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எல்இடி எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். இந்த பார்களில் கெடுவது பெரும்பாலும் வயர் உள்ளே நுழையும் முனைதான். ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாது என்ற தரக்குறி) என்று போட்டிருந்தாலும் அந்த முனையைக் கையில் பிடித்துப் பாருங்கள்: ரப்பர் வார்ப்பு வயரைச் சுற்றி முழுதாக இறுகியிருக்க வேண்டும். வெறும் பசையை அப்பி விட்டிருந்தால் ஒரு பனிக்காலத்தில் சாலையில் போடும் உப்பு கலந்த தண்ணீருக்கே தாங்காது. சிலிகான் பட்டையாக வளைகிறதை விட, அலுமினியச் சட்டத்தில் பதித்தது நல்லது. சூடு வெளியேறும், டேப்பும் நன்றாகப் பிடிக்கும். வழக்கமாக மூன்று எல்இடியைத் தொடராகக் கோத்து ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். அதனால் ஒன்று போனால் பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து மூன்றாக அணையும். இது வயரிங் கோளாறு இல்லை, பாரையே மாற்ற வேண்டியதுதான்.

நீளத்தில் குழப்பம் இல்லை: எஃப்-150 போன்ற பெரிய பிக்கப்புக்கு 60 இன்ச், டக்கோமா, ரேஞ்சர் போன்ற சிறிய பிக்கப்புக்கு 48 அல்லது 49. சிக்கல் உயரத்தில்தான். டெயில்கேட்டைத் திறக்கும்போது அதன் கீழ் விளிம்பு கொஞ்சம் உள்வாங்கிக் கீழே இறங்கும். மூடிய நிலையில் தெரிகிற இடைவெளியை நம்பி மாட்டினால் முதல் தடவை திறக்கும்போதே பார் நசுங்கும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எலுமிச்சை அளவு உருட்டி, பார் உட்காரப்போகிற இடத்தில் இடம், நடு, வலம் என மூன்று உருண்டை வையுங்கள். டெயில்கேட்டை முழுக்க இறக்கி மறுபடி மூடுங்கள். நசுங்கிய களிமண்ணில் மிஞ்சியிருக்கும் தடிமன்தான் உங்களுக்கு நிஜமாகக் கிடைக்கிற இடம். அது பாரின் தடிமனை விடக் கால் இன்ச்சாவது கூடுதலாக இருக்கட்டும்.

இனி வயரிங். பார் செருகுவது டிரெய்லர் விளக்குகளுக்கான நாலு பின் தட்டை கனெக்டரில். அமெரிக்காவில் அதன் வயர் நிறம் இப்படி: வெள்ளை எர்த், பிரவுன் டெயில் லைட், மஞ்சள் இடது இண்டிகேட்டரும் பிரேக்கும், பச்சை வலது இண்டிகேட்டரும் பிரேக்கும். பிரேக்குக்கென்று தனி வயர் கிடையாது. இடது, வலது இரண்டும் ஒன்றாக எரிந்தால் பிரேக், ஒன்று மட்டும் விட்டுவிட்டு எரிந்தால் இண்டிகேட்டர் என்று பாருக்குள் இருக்கும் சிறு பெட்டிதான் பிரித்துப் பார்க்கிறது. பிரேக்கை மிதித்தபடியே இண்டிகேட்டர் போட்டால் மலிவான பெட்டிகள் தடுமாறும். வாங்குகிற இடத்தில் இந்த ஒன்றையாவது சோதிக்கச் சொல்லுங்கள்.

நாலு பின்னில் ரிவர்ஸ் கிடையாது. அதற்குப் பாரிலிருந்து தனியாக ஒரு வயர் தொங்கும், சில பார்களில் அதுவும் வெள்ளை நிறம்! டிரெய்லர் வயரிங்கில் வெள்ளை என்றால் எர்த் என்ற நினைப்பில் அதைச் சட்டத்தில் முடுக்கிவிட்டு, ரிவர்ஸ் எரியவில்லை என்று கேட்பவர்கள் ஏராளம். ரிவர்ஸ் கரண்ட்டை ஏழு பின் டிரெய்லர் சாக்கெட்டின் நடுப் பின்னிலிருந்து எடுங்கள். எஞ்சினை ஓட்டாமல் சாவியை ஆன் செய்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்து ரிவர்ஸில் வையுங்கள். மல்டிமீட்டரில் அந்தப் பின்னில் 12 வோல்ட் வர வேண்டும். சாக்கெட்டுக்குப் பின்னால் உள்ள வயரில் ஒட்டு போடும்போது நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். அந்த இடத்தில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் போடுங்கள்.

டெயில் லைட் வயரை மட்டும் வெட்டவே வேண்டாம். பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை (கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் வண்டி வந்தால் எச்சரிப்பது) உள்ள எஃப்-150-யில் அதன் ரேடார் டெயில் லைட் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கெடுத்தால் செலவு பாரின் விலையைப் போலப் பல மடங்கு. வயரை வெட்டாமல் சாக்கெட்டுக்குப் பின்னால் இடையில் செருகும் டி வடிவ ஹார்னெஸ்தான் (கிளை வயர் தொகுப்பு) சரியான வழி. நாலு பின் சாக்கெட்டில் நேரடியாகவே செருகலாம், ஆனால் மூடி எப்போதும் திறந்தே கிடக்கும், அழுக்கும் தண்ணீரும் புகும்.

இன்னொரு தொல்லை: பாரைச் செருகியதும் டிரெய்லர் மாட்டியிருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொள்ளலாம். அப்படி நினைத்தால் பின்பக்க பார்க்கிங் சென்சார் அணையும், பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையும் நின்றுபோகலாம். வண்டி நிற்கும்போது பார் லேசாக மினுக்கினாலும் இதே கதைதான். டிரெய்லர் இருக்கிறதா என்று பார்க்க வண்டி அனுப்பும் சிறு துடிப்புகளுக்குப் பழைய குண்டு பல்பு எரியாது, எல்இடி எரிந்துவிடும். சிக்னலை மட்டும் உணர்ந்து, மின்சாரத்தை வேறு இணைப்பிலிருந்து எடுக்கும் மாட்யூலோடு வருகிற பார் வாங்கினால் இரண்டுமே தீரும். மினுக்கலுக்கு 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். அது 30 வாட்டுக்கு மேல் சூடாகும், வண்டி கண்ணுக்கு டிரெய்லர் போலவும் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒட்டுவதில் அவசரம் கூடாது. 2015-லிருந்து எஃப்-150 பாடி அலுமினியம், அதனால் காந்தம் ஒட்டாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, காயவிட்டு, 3எம் விஎச்பி டேப்பை (இரு பக்கமும் ஒட்டும் வலுவான டேப்) ஒட்டுங்கள். பவுடர் கோட்டிங் அல்லது பிளாஸ்டிக் மேல் என்றால் முதலில் டேப் பிடிக்க உதவும் பிரைமர் பூச்சு. தகடு 21 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது; 10-க்குக் கீழே போனால் ஒட்டவே வேண்டாம். விரல் விரலாக அழுத்திக்கொண்டே போங்கள். சாதாரண அறைச் சூட்டில் 20 நிமிடத்தில் பாதி பிடிக்கும், முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும். அதுவரை பிரஷர் வாட்டரில் கழுவாதீர்கள்.

இரு முனையிலும் ஸ்க்ரூ போடுகிறவர்கள் நைலான் வாஷர் வைக்காமல் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவை அலுமினியத்தில் நேரே இறக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் பட்டதும் ஸ்க்ரூவைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். துளையின் விளிம்பில் பெயிண்ட் தொட்டுவிடுங்கள்.

எர்த்தை பாடியில் கொடுக்காமல் கீழே உள்ள இரும்புச் சட்டத்தில், பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டுக் கொடுங்கள். இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் மங்கலாக எரிகிறதா, பிரேக் அழுத்தினால் மொத்தமும் மங்குகிறதா? முதலில் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். வயர் ஒட்டுகளுக்கு, வயரைக் கடித்து இணைக்கும் நீல நிற ஸ்காட்ச்லாக் கிளிப்பைத் தவிர்த்து, சூட்டில் சுருங்கும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடுங்கள். வயரைச் சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய், கனெக்டருக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினால் தண்ணீர் கனெக்டருக்குள் வழியாது.

சட்டப்படி எஃப்எம்விஎஸ்எஸ் 108 என்ற அமெரிக்க வாகன விளக்கு விதிதான் அளவுகோல்: டெயிலும் பிரேக்கும் சிவப்பு, ரிவர்ஸ் வெள்ளை, இண்டிகேட்டர் சிவப்பு அல்லது ஆம்பர், துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 120. பார் நம்பர் பிளேட்டையோ அதன் விளக்கையோ மறைக்கக் கூடாது. ரிவர்ஸ் போட்டதும் வெள்ளையாகப் பளிச்பளிச்சென்று மின்னும் ஸ்ட்ரோப் வசதி இருந்தால், செட்டிங்கில் அதை அணைத்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.