தவழாத மகளும் புலனக் குழுவும்

அன்புள்ள அக்காவுக்கு,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு மகளோடு வீட்டில் இருக்கிறேன். அவளுக்குப் பதினோரு மாதம். இன்னும் தவழவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, மறுகாலால் உந்தி உந்தி வீடு முழுவதும் நகர்கிறாள். போன வாரம் அப்படியே சமையலறைக்குப் போய், என் கைப்பேசியை அரிசி வாளிக்குள் போட்டு மூடியும் வைத்துவிட்டாள். நான் தேடித் தேடி அலைந்தபோது கைதட்டிச் சிரித்தாள். இந்தத் திறமைக்கு எந்த வளர்ச்சிப் பட்டியலிலும் இடமில்லை!

கிள்ளானில் இருக்கும் நாத்தனாரின் மகன் ஒன்பது மாதத்தில் நடந்துவிட்டான். பின்னணிப் பாட்டோடு அந்தக் காணொளி குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்ததிலிருந்து, ‘உன் மகள் எப்போது?’ என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். மாமியார் சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். மகளுக்கு முதல் பல் முளைத்தபோது நானும் படம் எடுத்து முகநூலில் போட்டேன். அன்று மாலை முழுவதும் யார் யார் பார்த்தார்கள் என்று கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன், பல்லைப் பார்க்கவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தக் குழுவை விட்டு வெளியேறிவிடட்டுமா அக்கா?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள தங்கைக்கு,

வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் முதலில் மகளின் காலைப் பற்றிப் பேசிவிடுவோம். அந்தக் கவலை தீராமல் நான் வேறு என்ன எழுதினாலும் உங்கள் மனதில் தங்காது.

உலகச் சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. எல்லாரும் நலமாக வளர்ந்த குழந்தைகள். தானாக நடக்கத் தொடங்கும் வயது அவர்களிடையே 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்து கிடந்தது. ஏறத்தாழ ஒன்பதரை மாத இடைவெளி! கிள்ளான் மருமகன் அதன் ஒரு முனையில் நிற்கிறான். உங்கள் மகளுக்கு மறுமுனை வரை இடமிருக்கிறது. அதே ஆய்வில் 4.3 விழுக்காட்டுக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 2022-இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை அதிலிருந்து எடுத்துவிட்டது. உட்கார்ந்தபடி நகரும் குழந்தைகள் சற்றுத் தாமதமாக நடப்பது வழக்கம். சில குடும்பங்களில் அது வழிவழியாகவே வரும். உங்கள் கணவர் எப்படி நகர்ந்தார் என்று மாமியாரைக் கேட்டுப் பாருங்கள்.

வாக்கரைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், அது வேண்டாம். பிள்ளையை உட்கார வைத்துச் சக்கரத்தில் ஓட விடும் அந்தப் பொருளைக் கனடா 2004-இலேயே தடை செய்துவிட்டது. படியில் உருண்டு விழுவதும், எட்டாத சுடுநீர்ச் சட்டியை எட்டிப் பிடிப்பதும் அதனால்தான் நடக்கின்றன. அது நடையை விரைவுபடுத்துவதும் இல்லை. மாமியாரின் ஆசையைப் புண்படுத்த வேண்டாம். அவருடைய காலத்து மரநடைவண்டி நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளை தானே எழுந்து நின்று, பிடியைப் பற்றித் தள்ளிக்கொண்டு போகிற மூன்று சக்கர வண்டி. அவள் எழுந்து நிற்கத் தொடங்கியதும், யாராவது கூடவே இருந்து அதைத் தள்ளவிடலாம்.

நம் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்களாகப் பிரித்தார்கள். மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை என்று ஒற்றைப்படை மாதங்களாகவே போகும் கணக்கு ஒன்று உண்டு. அந்தப் பத்தில் தவழ்வதற்கென்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஒன்பதாம் மாதத்துக்குரியது சப்பாணி, உட்கார்ந்து கைதட்டுவது. அரிசி வாளியின் பக்கத்தில் உங்கள் மகள் செய்ததும் அதுதான்! இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடிக்கும். அம்புலிப் பருவத்தில் குழந்தையோடு விளையாட நிலவை அழைப்பார்கள். அங்கே ஒப்பிட்டுக் குறை சொல்லப்படுவது நிலவுதான். நீ தேய்கிறாய், உன்னிடம் களங்கம் இருக்கிறது, எங்கள் பிள்ளையிடம் இரண்டும் இல்லை என்பார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையை எந்தப் புலவரும் இழுத்து வந்ததில்லை.

இனி உங்கள் வெட்கத்துக்கு வருகிறேன். நான் வளர்ந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும். இருட்டோடு இருட்டாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பெண்கள் ரப்பர் மரம் சீவப் போவார்கள். உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒரு கையால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டே, இன்னொரு பிள்ளையின் வாயில் கஞ்சியை ஊட்டுவார் ஆயா. பால் நிறுத்துப் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் ரப்பர்ப் பால் வாடையோடு தாய் திரும்பும்போது, “இன்றைக்குக் கையை விட்டு நின்றான்” என்று ஆயா சொல்வார். பிள்ளையின் முதல் அடியைப் பெற்றவளே பார்ப்பது அங்கே அபூர்வம். ஆனால் பொழுது சாய்வதற்குள் லயம் முழுவதற்கும் அது தெரிந்துவிடும். பல் முளைத்தால் கொழுக்கட்டை அவித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர்கள் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நாம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபெயர்ந்தோம். வீடு நல்ல வீடுதான், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. ஆனால் காலையில் கணவர் வேலைக்குப் போனபின் இரும்புக் கதவைச் சாத்தினால், மாலைவரை நீங்களும் பிள்ளையும்தான். அந்த நேரத்தில் ஒரு பல் வெளியே வருகிறது. யாரிடம் காட்டுவீர்கள்? கைப்பேசியிடம்தான் காட்டுவீர்கள். இதைத் தற்பெருமை என்று சொல்பவர்கள், பகல் முழுவதும் ஒரு பச்சைப் பிள்ளையோடு தனியாக இருந்து பார்க்காதவர்கள். ஒரு தாய்க்குத் தன் பிள்ளையைப் பார்த்து மகிழ இன்னொரு ஆள் வேண்டும். அது நியாயமான பசி.

ஆனால் லயத்து வாசலில் இருந்த ஒன்று முகநூலில் இல்லை. ஒன்பது மாதத்தில் நடந்த பிள்ளையை நாங்கள் அன்று மட்டும் பார்க்கவில்லை. மறுநாள் அது படியில் முட்டி நெற்றி வீங்கி அழுததையும், மூன்று வீட்டுக்காரர்கள் மாறி மாறித் தூக்கியும் தூங்காததையும், அதன் தாய் சோற்றுத் தட்டோடு வாசலில் உட்கார்ந்து கண்ணீர் விட்டதையும் பார்த்தோம். அதனால் அந்தத் தாயின்மேல் யாருக்கும் பொறாமை வரவில்லை. கைப்பேசியில் பிள்ளை நடந்த நொடி மட்டும் வருகிறது, அதற்குமுன் விழுந்த விழுகைகளும் பின்னால் வந்த இரவும் வருவதில்லை. அந்த நொடியை உங்கள் வீட்டு முழு நாளோடு ஒப்பிட்டால் எந்தத் தாய்க்கும் மனம் சோர்ந்துதான் போகும்.

படம் போடுங்கள், தடையில்லை. குளிக்கும் படமும், அழும் முகமும் மட்டும் வேண்டாம். அவள் வளர்ந்தபின் தன் வகுப்புத் தோழிகள் எதைப் பார்க்கலாம் என்று அவளே முடிவு செய்யட்டும்.

கவனிக்க வேண்டியதைப் புலனக் குழுவில் தேடாதீர்கள், அரசாங்க கிளினிக்கில் கொடுத்த குழந்தை நலப் பதிவுப் புத்தகத்தில் பாருங்கள். அங்கே மிஸி (தாதி) கேட்கும் கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா, உங்கள் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறாளா, இரண்டு கையையும் இரண்டு காலையும் சமமாகப் பயன்படுத்துகிறாளா என்பவை, தவழ்ந்தாளா என்பதைவிட முக்கியமானவை. ஒருபக்கக் கையையோ காலையோ மட்டுமே எப்போதும் ஊன்றினாலும், முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்திவிட்டாலும், 18 மாதமாகியும் நடக்காவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே காலால் உந்துகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதையும் அடுத்த முறை போகும்போது சொல்லி வையுங்கள். 18 மாதத்தில் ஆட்டிசம் தொடர்பாக ஒரு கேள்வித்தாள் தருவார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள். முடிந்தால் கணவரும் அன்று கூட வரட்டும்.

குழுவை விட்டு வெளியேறாதீர்கள். கிள்ளானில் இருக்கும் நாத்தனாரும் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருப்பவர்தானே? குழுவில் இதயம் போடுவதோடு நிறுத்தாமல், பிள்ளைகள் இருவரும் தூங்கும் மதிய நேரம் பார்த்து அவரைத் தனியாக அழையுங்கள். மகன் நடந்ததைப் பற்றிக் கேட்க வேண்டாம். “அண்ணி, இரவில் தூங்கவிடுகிறானா?” என்று மட்டும் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசுவார்.

அன்புடன்,
அக்கா